கடினச் சேர்மானக் கணக்குகளும் அவற்றைத் தீர்க்கும் இயந்திர அறிவின் பரீட்சையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், தர்மபுரத்திலும் விசுவமடுவிலும் உள்ள பாடசாலைகளுள் எதை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஆண்டுத் தொடக்கத்தில் பிரதி அதிபர் ஒருவர் பென்சிலும் அழிறப்பருமாக உட்கார்ந்து வகுக்கும் நேரசூசியானது, கணித சாஸ்திரம் இன்றளவும் முற்றாக வென்றெடுக்காத ஒரு பிரச்சினையின் உருவமேயாகும். வகுப்பு ஒன்றுக்கு வாரத்தில் 40 பாடவேளைகள் என்றும், எட்டுப் பாடங்களுக்கும் ஐந்தைந்து பாடவேளைகள் என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரே வகுப்பின் நேரசூசியை எழுதக்கூடிய விதங்களின் தொகை 32 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாகிறது. ஆயினும் தொகையின் பெருமை மட்டுமே கடினத்தை விளைவிப்பதன்று. 40 மாணவரின் பெயர்களை வரிசைப்படுத்தும் விதங்களோ 48 இலக்க எண்ணாக விரிவன. அப்படியிருந்தும் வகுப்பாசிரியர் இடாப்பில் அவற்றை அகரவரிசையில் எழுதி முடிப்பதற்குச் சில நிமிஷங்களே போதும். நேரசூசியைக் கடினமாக்குவது நிபந்தனைகள் ஒன்றையொன்று மறித்து நிற்கும் நிலையாகும். மூன்று வகுப்புகளுக்குக் கணித ஆசிரியர் ஒருவரே. அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வருபவராதலின் முதற் பாடவேளையை ஏற்க இயலாதவர். விஞ்ஞான ஆய்வுகூடம் ஒன்றே ஒன்று. சங்கீதமும் சித்திரமும் ஒரே வேளையில் நடந்தாலன்றி மாணவர் பிரிந்து செல்ல வழியில்லை. இத்தகைய நிலையில் ஓரிடத்திற் செய்த சௌகரியம் மற்றோரிடத்தில் விக்கினமாக முளைக்கிறது.

இவ்வினத்தைச் சேர்ந்த கணக்குகளையே சேர்மானக் கணக்குகள் என்கிறோம். 1971இல் ஸ்டீபன் குக் என்பவரும், சோவியத் நாட்டில் தனித்து உழைத்த லியோனிட் லெவின் என்பவரும், அடுத்த ஆண்டில் 21 பிரச்சினைகளை ஒரே சங்கிலியிற் கோத்துக் காட்டிய ரிச்சர்ட் கார்ப் என்பவரும் நிலைநாட்டிய சித்தாந்தம் யாதெனில், நேரசூசி, வரைபு நிறமிடல், நகரெல்லாம் சுற்றித் திரும்பும் வணிகனின் வழி முதலிய இப்பிரச்சினைகளுள் ஒன்றை எந்நிலையிலும் விரைவாகத் தீர்க்கும் படிமுறை ஒருவருக்குக் கிட்டுமாயின் ஏனையவும் உடன் தீரும் என்பதே. அத்தகைய படிமுறையைக் கண்டவருமில்லை. அது இல்லையென்று நிரூபித்தவருமில்லை. ஆனால் இச்சித்தாந்தம் பேசுவது ஒவ்வோர் இனத்திலும் மிகக் கொடிய கணக்கைப் பற்றியேயன்றி, தர்மபுரத்துப் பாடசாலைக்கு இவ்வருடம் வாய்த்திருக்கும் கணக்கைப் பற்றியன்று. கொடிய கணக்கு உண்டென்ற அறிவு பிரதி அதிபருக்கு ஆறுதல் தரலாம், நேரசூசியைத் தராது. சித்தாந்தம் மௌனமாகும் இவ்விடத்தில், தேடல் என்னும் கலையைத் தன் உடைமையாக்கிக்கொண்ட செயற்கை நுண்ணறிவுத் துறை வந்து சேர்கிறது. அத்துறையினர் ஆண்டுதோறும் புதிய முறைகளைக் கொணர்ந்து, இது முந்தியதினும் சிறந்ததென்று சாற்றுகின்றனர். அக்கூற்றைப் பரீட்சிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இவ்விசாரணையின் தொடக்கத்தை அமெரிக்கக் கணினிக் கூடங்களில் தேடுவோர், கல்கத்தாவைக் காணாது கடந்துவிடுகின்றனர். 1931இல் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் விளையும் நிலத்தின் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பினால் மதிப்பிட முனைந்தபோது, எழுமாறாகத் தெரிந்த புள்ளிகளுக்கு அளவையாளர் நடந்து செல்லும் தூரமும் செலவில் ஒரு பங்கு என்பதை உணர்ந்தார். புள்ளிகள் கூடினால் மதிப்பீடு திருத்தமாகும். ஆனால் நடையும் கூடும். எவ்வளவு கூடும்? 1940இல் ‘சங்க்யா’ ஏட்டில் வெளிவந்த கட்டுரையில் அவர் தந்த விடை, அத்தூரம் ஏறக்குறையப் புள்ளிகளின் தொகையினது வர்க்கமூலத்தைப் பின்பற்றி வளரும் என்பதாகும். அஃதாவது, புள்ளிகளை நான்கு மடங்காக்கினால் நடை இரு மடங்கே ஆகும். வணிகன் வழிப் பிரச்சினை என்று பிற்காலத்தார் பெயரிட்டு வழங்கியதன் இயல்பை, அப்பெயர் பிரசித்தமாகுமுன்னரே, சணற் காணியின் செலவுக் கணக்கிற்காக ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். 1959இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி என்னும் மூவர், புள்ளிகள் மிகப் பெருகும்போது மிகக் குறுகிய வழியின் நீளம் பரப்பினதும் தொகையினதும் பெருக்கத்தின் வர்க்கமூலத்தோடு ஒரு மாறிலியைப் பெருக்கியதற்குச் சமமாகும் என்று நிரூபித்தனர். அம்மாறிலியின் பெறுமானத்தை அந்நிரூபணம் சொல்லவில்லை. இன்று நாம் அதை 0.7124 அளவென்று அறிவது, கணினியில் எழுமாற்றுப் புள்ளிகளை இட்டு, வழிகளைத் தீர்த்து, அளந்து பார்த்ததனாலேயே. கணிதப் பொருள் ஒன்றின் பெறுமானத்தை, பௌதிகவியலார் ஒளியின் வேகத்தை அளந்தாற்போல அளந்து அறிகிறோம் என்பது, பரிசோதனை இத்துறையில் வெறும் விற்பனைப் பிரசாரமன்று என்பதற்கு முதற் சான்று.

வணிகன் வழியில் பரிசோதனை செழித்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1954இல் டான்ட்சிக், புல்கர்சன், ஜோன்சன் ஆகியோர் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு வழி கண்டபோது, தம் வழியினும் குறுகியது இருக்க முடியாதென்று காட்டும் கீழெல்லையையும் உடன் கொடுத்தனர். அம்மரபு வளர்ந்து, 2006இல் 85,900 புள்ளிகள் கொண்ட கணக்கொன்று நிரூபணத்தோடு தீர்க்கப்பட்டது. கீழெல்லை கையிலிருப்பதனால், ஒரு முறை தரும் விடை உண்மையான விடையிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கக்கூடும் என்று சொல்ல முடிகிறது. எழுமாற்றுப் புள்ளிகளில், அண்மையிலுள்ள நகருக்கே அடுத்துச் செல்லும் எளிய முறை கீழெல்லையினும் 25 சதவீதம் அளவு நீண்ட வழியைத் தருகிறது. 1973இல் லின், கேர்னிகன் இருவரும் வகுத்த முறை 2 சதவீதத்துள் நிற்கிறது. இங்கே கவனிக்கத்தக்க விநோதம் ஒன்றுண்டு. 1976இல் கிறிஸ்டோபைட்ஸ் கண்ட முறைக்கு, நேர்வழி சுற்றுவழியினும் நீளாத எக்கணக்கிலும் விடை மிகக் குறுகிய வழியின் ஒன்றரை மடங்கை மீறாது என்ற உறுதி உண்டு. ஆயினும் இத்தகைய கணக்குகளில் அது 10 சதவீதம் அளவு பிந்துகிறது. லின்-கேர்னிகன் முறைக்கோ அத்தகைய உறுதி இல்லை. உறுதிப்பத்திரம் உடையது பின்னிற்க, அது இல்லாதது முன்னிற்பதைச் சித்தாந்தத்தால் மாத்திரம் நாம் அறிந்திருக்க இயலாது.

காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிடுவதைக் கணினியிற் போலச்செய்து விடை தேடும் முறையை 1983இல் கேர்க்பற்றிக், ஜெலற், வெக்கி ஆகியோர் ‘சயன்ஸ்’ ஏட்டில் வெளியிட்டபோது, எல்லாக் கடினத்துக்கும் இதுவே மருந்தென்ற ஆரவாரம் எழுந்தது. அவ்வாரவாரத்தின் நடுவே டேவிட் ஜோன்சன், சிசிலியா அரகன், லைல் மெக்கியோ, கதரின் ஷெவன் என்னும் நால்வர் செய்த காரியம், என் அபிப்பிராயத்தில், இத்துறையின் பரிசோதனை ஒழுக்கத்துக்கு இலக்கணம் வகுத்ததாகும். அவர்கள் 1989இலும் 1991இலும் வெளியிட்ட நீண்ட கட்டுரைகள், வரைபைப் பிரித்தல், வரைபு நிறமிடல், எண்களை இரு சம கூறாக்கல் என்னும் மூன்று பிரச்சினைகளில் அம்முறையை அதன் பழைய போட்டியாளரோடு நிறுத்தி, இருபாலார்க்கும் ஒப்ப நேரம் அளித்து, ஆறவிடும் வேகம் முதலிய ஒவ்வொரு திருகையும் தனித்தனியே திருகிப் பார்த்தன. விடை ஒரு சொல்லில் அடங்கவில்லை. எழுமாற்று வரைபுகளைப் பிரிப்பதில் புதிய முறை வென்றது. தளத்திலுள்ள புள்ளிகளின் அண்மையைக் கொண்டு கட்டிய வரைபுகளில் பழைய முறையே வென்றது. எண்களைக் கூறிடுவதிலோ, குவாலியரிற் பிறந்து பம்பாய் ஐ.ஐ.டி.யிற் கற்ற நரேந்திர கார்மார்க்கரும் முன்சொன்ன கார்ப்பும் 1982இல் கண்ட எளிய வித்தியாச முறைக்கு அருகிலும் புதியது வரவில்லை. வென்ற இடத்தையும் தோற்ற இடத்தையும் ஒரே தொனியில் எழுதும் பக்குவம் இன்றைய கட்டுரைகளில் அரிதாகிவிட்டது.

அதே கார்மார்க்கரின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. 1984இல் அவர் பெல் ஆய்வுகூடத்திலிருந்து ஏகபரிமாண நிரலாக்கத்துக்கு ஒரு புதிய முறையை அறிவித்தபோது, வழக்கிலிருந்த சிம்ப்ளெக்ஸ் முறையினும் அது 50 மடங்கு விரைவுடையதென்ற பிரஸ்தாபம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் முதற் பக்கத்துக்கே எட்டியது. அப்பிரச்சினை கடின இனத்தைச் சேர்ந்ததன்று; எனினும் கடினக் கணக்குகளைத் தீர்க்கும் பல முறைகளின் அடித்தளம் அதுவே. முறையின் கணிதம் வெளியாயிற்று. அதைக் கணினியில் அமைத்த நுணுக்கங்களோ வியாபார இரகசியமாக வைக்கப்பட்டன. பிற ஆய்வாளர் தாமே நிரல் எழுதி முயன்றபோது 50 மடங்கைக் காணாமல் திகைத்தனர்; சிலர் முறையையே பழித்தனர். பிற்காலத்தில் அவ்வினத்து முறைகள் உண்மையிலேயே பெரும் பயனுடையவை என்று தெளிவாயிற்று. ஆகவே கூற்றின் சாரம் மெய். ஆனால் பிறர் மீட்டுச் செய்து பார்க்க முடியாத பரிசோதனை, அதன் ஆசிரியன் மெய்யே உரைத்தாலும், விஞ்ஞானத்தின் ஏட்டில் வெற்றிடமாகவே நின்றது.

1995இல் ஜோன் ஹூக்கர் எழுதிய சிறு கட்டுரையொன்று, உறுதிப்பத்திரமின்றி நல்ல விடை தேடும் உத்திமுறைகளை நாம் சோதிக்கும் வழக்கமே பிழையானது என்று வன்மையாகச் சாடியது. எல்லாரும் ஓட்டப்பந்தயம் நடத்துகின்றனர். யார் முந்தினார் என்று சொல்கின்றனர். ஏன் முந்தினார் என்று எவரும் வினவுவதில்லை என்பதே அவர் குற்றச்சாட்டு. மொட்டைக்கறுப்பன் நெல்லைத் துருசுக்கு அருகிலுள்ள வயலிலும் ஆட்டக்காரி நெல்லைக் கடைவாய்க்காலிலுள்ள வயலிலும் விதைத்துவிட்டு, விளைச்சலை நிறுத்து இனத்தின் தராதரம் பேசுகிற கமக்காரனை நாம் ஏற்பதில்லை. நிரலாளனின் கைத்திறன், கணினியின் வேகம், திருகுகளைச் சரிசெய்யச் செலவிட்ட பொழுது ஆகியவை முறையின் தகுதியோடு கலந்துபோன அட்டவணையை மாத்திரம் ஏற்றுக்கொள்கிறோம். தன் முறைக்கு ஆறு மாதம் மெருகிட்டவன் போட்டியாளன் முறையைப் பழைய நூலிலிருந்து ஓரிரவிற் பெயர்த்தெழுதி ஒப்பிடுவது சாதாரண நிகழ்ச்சி. ஹூக்கர் வேண்டியது, ஒரு காரணியை மாத்திரம் மாற்றி மற்றவற்றை நிலைநிறுத்தி, அதனால் என்ன நேர்கிறதென்று பார்க்கும் சோதனையாகும். றொதம்ஸ்டெட் பண்ணையில் பயிர்ப் பரிசோதனைகளுக்கு றொனால்ட் பிஷர் வகுத்து 1935இல் நூலாக்கிய ஒழுங்கு அது. பரந்தனிலுள்ள நெல்லாராய்ச்சி நிலையத்திலும் அதன் வழித்தோன்றல்களையே கையாளுகின்றனர். கணினித்துறை அதனைக் கற்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இனி, எக்கணக்குகளைக் கொண்டு சோதிப்பது என்ற கேள்வி. இதுவே முழு விஷயத்தின் மர்மஸ்தானம் என்று நான் எண்ணுகிறேன். சாட் என்று சுருக்கமாக வழங்கப்படும் நிறைவேற்றப் பிரச்சினையில், உண்மை அல்லது பொய் என்னும் மதிப்புகளைப் பல மாறிகளுக்குக் கொடுத்து, தரப்பட்ட நிபந்தனைகள் எல்லாவற்றையும் நிறைவேற்ற முடியுமா என்று காண வேண்டும். 1970களின் இறுதியில் அலன் கோல்ட்பர்க், எழுமாற்றுக் கணக்குகளில் இது சராசரியாக எளிதே என்று காட்டினார். கடினமென்று சித்தாந்தம் சொன்னது பரீட்சையில் எளிதாயிற்றே என்ற வியப்பு நீடிக்கவில்லை; 1983இல் பிராங்கோவும் போலும், அக்கணக்குகள் உண்டாக்கப்பட்ட விதத்தில், கண்ணை மூடிக்கொண்டு மதிப்புகளைச் சிலமுறை கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலும் நிறைவேறிவிடும் என்று வெளிப்படுத்தினர். எளிய வினாத்தாளில் எல்லாரும் சித்தியடைந்தனர், அவ்வளவே.

1991இல் சீஸ்மன், கனேவ்ஸ்கி, டெய்லர் ஆகிய மூவரும், அடுத்த ஆண்டில் மிச்சல், செல்மன், லெவெக் ஆகிய மூவரும், மெய்யான கடினம் எங்கே குடியிருக்கிறதென்று பரிசோதனையாலேயே கண்டனர். நிபந்தனை ஒவ்வொன்றிலும் மும்மூன்று மாறிகள் வரும் எழுமாற்றுக் கணக்குகளில், மாறிகளைப் போல் இரண்டு மூன்று மடங்கு நிபந்தனைகள் இருந்தால் விடைகள் மலிந்து கிடப்பதனால் ஒன்றை விரைவில் எடுத்துவிடலாம், ஏழு எட்டு மடங்கு இருந்தால் முரண் சீக்கிரம் வெளிப்பட்டு, விடையில்லை என்ற தீர்ப்பும் விரைவில் கிட்டும், ஏறக்குறைய 4.3 மடங்கு இருக்கும் இடத்திலோ, கணக்குகளிற் பாதி தீரும், பாதி தீரா, முயற்சியோ உச்சத்துக்கு ஏறும். பௌதிகவியலார் பனிக்கட்டி நீராகும் கணத்தைக் குறிக்கும் நிலைமாற்றம் என்ற சொல்லை இதற்கும் வழங்கினர். இவ்வுண்மையின் சாயலை வன்னிப் பாடசாலைகளிற் காணலாம். ஆசிரியர் தாராளமாகவுள்ள நகரப் பாடசாலையின் நேரசூசி ஒரு மாலைப்பொழுதின் வேலை. கணிதத்துக்கு ஆளே இல்லாத பாடசாலையில் நேரசூசி நிறையாதென்பது முதற்பார்வையிலேயே புலப்படும். ஆசிரியத் தொகை போதுமா போதாதா என்று ஐயுறத்தக்க எல்லையில் நிற்கும் பாடசாலையிலேதான் பிரதி அதிபரின் நித்திரை கெடுகிறது. எழுமாற்றுக் கணக்குகளைப் பற்றிய இவ்விதியை உலகியற் கணக்குகளுக்கு அப்படியே பொருத்துவதிலும் அவதானம் வேண்டும். 2001இல் பிரின்ஸ்டனில் ஷரத் மாலிக் முதலியோர் அமைத்த ‘சாப்’ போன்ற தீர்விகள், தொழிற்சாலைகளிலிருந்து வந்த, இலட்சக் கணக்கான மாறிகள் கொண்ட கணக்குகளைத் தீர்க்கின்றன. அவையே சில நூறு மாறிகள் கொண்ட எழுமாற்றுக் கணக்கில் திணறக் காண்கிறோம். 2002 முதல் நடந்துவரும் சாட் போட்டிகளில் இவ்விரு குலத்துக்கும் வெவ்வேறு பிரிவுகள் வகுக்கப்பட்டமைக்கு இதுவே நியாயம்.

நேரத்தை அளப்பதும் நாம் நினைப்பதுபோல் எளிதன்று. ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் எல்லாக் குறிகளும் ஒருமுறையே வரும் சதுரத்தை லத்தீன் சதுரம் என்பர். பிஷர் தம் பரிசோதனைப் பாத்திகளை வகுத்ததும் அதனைக் கொண்டே.  பாதி நிரப்பப்பட்ட லத்தீன் சதுரத்தை நிறைவு செய்வது கடின இனத்துக் கணக்காகும். அதனைக் களமாகக் கொண்டு கார்லா கோமஸ், பார்ட் செல்மன் முதலியோர் 1990களின் இறுதியில் கண்டது விசித்திரமானது. ஒரே கணக்கை, ஒரே கணினி நிரலுக்கு, உள்ளே நிகழும் எழுமாற்றுத் தெரிவுகளை மாத்திரம் மாற்றிப் பலமுறை கொடுத்தால், ஒருமுறை கண்ணிமைப்பொழுதில் முடிகிறது. மற்றொருமுறை முடிவே காணாமல் ஓடுகிறது. ஓட்டங்களைக் கூட்டக் கூட்டச் சராசரி நிலைபெறாமல் ஏறிக்கொண்டே போகிறது; பரம்பலின் வால் அவ்வளவு நீண்டது. இத்தகைய இடத்தில் சராசரி நேரம் என்று ஓர் எண்ணை அட்டவணையில் இடுவது அர்த்தமற்றது. பரம்பல் முழுவதையும் காட்டுதல் வேண்டும். இதிலிருந்து பயனுள்ள உபாயம் ஒன்றும் பிறந்தது: சற்று ஓடியும் விடை வராவிடின் நிறுத்தி, புதிதாகத் தொடங்கு என்பதே அது. இன்றைய சாட் தீர்விகளிற் பெரும்பாலானவை அதனைக் கைக்கொள்கின்றன. யார் முந்தினார் என்ற கேள்வியை விட்டு ஏன் இப்படி நேர்கிறதென்று கேட்டதன் பலன் இது.

பொது அளவுகோற் கணக்குகளை வைத்துக்கொண்டால் ஒப்பீடு நேர்மையாகும் என்று கருதுவோர், பரீட்சை நேரசூசி ஆராய்ச்சியின் கதையைக் கேட்க வேண்டும். 1996இல் கார்ட்டர், லபோர்ட், லீ ஆகியோர் மெய்யான கல்விச்சாலைகளிலிருந்து 13 கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டனர். ரொறன்ரோ கணக்குகள் எனப் பெயர்பெற்ற அவற்றின்மேல் பல முறைகள் பரீட்சிக்கப்பட்டு வெற்றிகள் பறைசாற்றப்பட்டன. 2009இல் வெளிவந்த விரிவான மதிப்பீடொன்றில் கியூ, பேர்க் முதலியோர் காட்டியது, அவற்றுட் சிலவற்றுக்கு ஒரே பெயரில் வெவ்வேறு வடிவங்கள் வழங்கிவந்தன என்பதாகும். தூரதேசத்திலிருந்த இருவர் ஒரே கணக்கைத் தீர்த்ததாக எண்ணி, வேறுவேறு கணக்குகளைத் தீர்த்துத் தம் விடைகளை ஒப்பிட்டிருக்கின்றனர். பின்னர் நடந்த சர்வதேச நேரசூசிப் போட்டிகள் இக்குறையைத் தவிர்க்கப் பிரயாசைப்பட்டன. 2011ஆம் ஆண்டுப் போட்டி பாடசாலை நேரசூசிக்கென்றே அமைந்து, பிரேசில், பின்லாந்து, கிரேக்கம், இத்தாலி, நெதர்லாந்து, தென்னாபிரிக்கா, கொசோவோ முதலிய நாட்டுப் பாடசாலைகளின் கணக்குகளை ஒரு பொதுவடிவில் தந்தது. இலங்கைப் பாடசாலை எதனையும் அத்தொகுதியில் நான் கண்டதில்லை.

இக்குறை வெறும் கௌரவப் பிரச்சினையன்று. பின்லாந்தின் பாடசாலைக்கு, தூரத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் ஆசிரியரோ, இரு பாடசாலைகளுக்கிடையே வாரத்தைப் பங்கிடும் ஆசிரியரோ, நடுத்தவணையில் இடமாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியரோ பிரதான நிபந்தனையாவதில்லை. ஆகவே அக்கணக்குகளில் முதலிடம் பெற்ற முறை இங்கும் முதலிடம் பெறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இங்கே வேண்டுவது சிறந்த நேரசூசி மட்டுமன்று; ஓர் ஆசிரியர் விலகியபோது, எஞ்சியதை அதிகம் குலைக்காமற் சீர்செய்யத்தக்க நேரசூசியுமாகும். இதே வன்னியில், அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதன் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்விரு நிறுவனங்களும், தர்மபுரம் உள்ள கண்டாவளைக் கோட்டத்துப் பாடசாலைகளின் நேரசூசிகளை, ஆசிரியர் பெயர்களை நீக்கி, நிபந்தனைகளோடும் பிரதி அதிபர் கையால் வகுத்த தீர்வோடும் ஆண்டுதோறும் சேர்த்து வைப்பதற்குப் பெரிய கணினி எதுவும் வேண்டியதில்லை. கைத்தீர்வு மிகவும் முக்கியம். கணினி முறைகளைக் கணினி முறைகளோடு ஒப்பிடும் ஆய்வாளர், இருபது வருட அனுபவமுடைய மனிதரோடு ஒப்பிட மறந்துவிடுகின்றனர்.

உத்திமுறைகளுக்குப் பெயரிடும் சம்பிரதாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992இல் மார்கோ டொரிகோ எறும்புகள் வழி கண்டுபிடிக்கும் விதத்திலிருந்து ஒரு முறையை வகுத்தார். அது ஆழ்ந்து ஆராயப்பட்டது. அதன்பின் வௌவால், மின்மினி, சாம்பல் ஓநாய் என்று மிருகசாலை முழுவதும் கணினிக்குள் புகுந்தது. 2010இல் டெனிஸ் வெய்லண்ட், சங்கீதத்தின் பெயரால் வழங்கிய ஒரு முறை பழைய பரிணாம முறையின் தனிவகையேயன்றி வேறன்று என்று காட்டினார். 2015இல் கென்னத் சோரென்சன் இந்த உருவகப் பித்தைக் கடுமையாகக் கண்டித்தார். டொரிகோவும் அவர் துணைவரும் ஓநாயையும் மின்மினியையும் வௌவாலையும் உரித்துப் பார்த்து, உள்ளே புதிதாக ஒன்றுமில்லை என்றனர். பந்தயத்தில் வெல்வதே பிரசுரத்துக்குத் தகுதியென்றால், குதிரைக்குப் புதுப்பெயர் சூட்டுவோர் பெருகுவது இயல்பே.

நரம்பு வலையமைப்புகளின் வருகைக்குப் பின்னும் பழைய குறைகள் புதிய உடையில் தோன்றுகின்றன. 2022இல் ஷூட்ஸ் முதலியோர், வரைபு நரம்பு வலையமைப்பால் கடினச் சேர்மானக் கணக்குகளைத் தீர்த்ததாகப் பெருமதிப்புடைய ஏடொன்றில் எழுதினர். ஆஞ்செலினியும் ரிச்சி-தெர்செங்கியும் அதே ஏட்டில் விடையிறுத்து, அக்கணக்குகளைப் பேராசை முறை என்னும் மிகப் பழைய எளிய முறைகூட மேலாகவும் மிக விரைவாகவும் தீர்க்கிறது என்று காட்டினர்; போட்டியாளனைப் பலவீனனாகத் தெரிந்துகொண்டால் எவரும் வீரரே. 2021இல் கூகிள் ஆய்வாளர், கணினிச் சில்லின் பகுதிகளை இடம்வகுப்பதில் தம் கற்றல்முறை மனிதரையும் விஞ்சியதென்று ‘நேச்சர்’ ஏட்டில் உரைத்தனர். 2023இல் ஆண்ட்ரூ காங் குழுவினர் செய்த மதிப்பீட்டில், மெல்ல ஆறவிடும் பழைய முறையும் வியாபார நிரலும் அதனினும் மேலாய் நின்றன. முன்பயிற்சி கொடுக்காமற் சோதித்தமையால் அம்மதிப்பீடு செல்லாதென்று கூகிள் தரப்பு மறுத்தது. வழக்கு தீரவில்லை. கார்மார்க்கர் காலத்தைப் போலவே இங்கும் தரவுகளிற் பெரும்பகுதி நிறுவனத்தின் சுவருக்குள் இருந்தமையே வழக்கு நீள்வதற்கு மூலம்.

பெருமொழி மாதிரியுருக்களைப் பற்றிய பரிசோதனைகளுள் எனக்கு மிகவும் உவப்பானவை, சென்னை ஐ.ஐ.டி.யிற் கற்று அரிசோனாவிற் பேராசிரியராயுள்ள சுப்பாராவ் கம்பம்பாட்டியும் அவர் மாணவரும் செய்தவை. கட்டைகளை அடுக்கி மாற்றும் பழைய திட்டமிடற் கணக்குகளில், அக்காலத்துச் சிறந்த மாதிரியுருவான ஜி.பி.டி. 4 மூன்றில் ஒரு பங்களவே சரியாகச் செய்தது. பின்னர் அவர்கள், கணக்கின் அமைப்பைச் சற்றும் மாற்றாமல், கட்டை, அடுக்கு முதலிய சொற்களுக்குப் பதிலாகத் தொடர்பற்ற சொற்களை இட்டனர். தர்க்கம் ஒன்றாயிருந்தும் வெற்றி ஏறக்குறைய மறைந்துபோயிற்று. ஒரு காரணியை மாத்திரம் மாற்றுக என்ற ஹூக்கரின் கட்டளைக்கு இதனினும் நேர்த்தியான உதாரணம் காண்பதரிது. இயந்திரம் சிந்திக்கிறதா, கண்டதை நினைவுகூர்கிறதா என்பதை அவ்வொரு மாற்றம் பிரித்துக் காட்டியது. 2023இல் அதே கூட்டத்தார் அம்மாதிரியுருவுக்கு வரைபு நிறமிடலைக் கொடுத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே சரிவந்தது. தன் விடையைத் தானே திருத்துமாறு பணித்தபோது நிலை மேலும் கெட்டது, சரியான விடையையும் பிழையென்று தள்ளியது.

சேர்மானக் கணக்குகளின் ஒரு பெரும் நன்மை, தீர்வைக் காண்பது கடினமாயினும் கண்டதைச் சரிபார்ப்பது எளிது என்பது. நேரசூசி சரியா என்று எந்த ஆசிரியரும் தாளைப் பார்த்துச் சொல்லலாம். தீர்வில்லை என்ற தீர்ப்பைச் சரிபார்ப்பதே அரிது. அதனாலேயே சாட் போட்டியாளர் பிற்காலத்தில், முடியாதென்று சொல்லும் தீர்வி அதற்கு நிரூபணமும் எழுதித் தரவேண்டும் என்று விதித்தனர். 2016இல் ஹூலே, குல்மன், மாரெக் ஆகியோர் எண்கணிதப் புதிரொன்றைத் தீர்த்தபோது அந்நிரூபணம் 200 டெராபைற் அளவிற்று. இந்நன்மையைப் பயன்படுத்தும் மொழி மாதிரியுருக்கள் உருப்படியான பலன் தந்துள்ளன. 2023இல் டீப்மைண்ட் நிறுவனத்தார், மாதிரியுரு நிரல்களை முன்மொழிய, வெளியிலுள்ள சரிபார்ப்பான் அவற்றை இயக்கிப் பார்த்துத் தக்கதைக் கொள்ளும் ஏற்பாட்டினால், பெட்டிகளில் பொருள் அடைக்கும் கணக்குக்குப் புதிய உத்திகளைக் கண்டனர்.

2024இல் நின்று யோசித்து விடைதரும் மாதிரியுருக்கள் வெளிவந்தன. கம்பம்பாட்டி குழுவினர் அவற்றுள் ஒன்றைக் கொண்டு மீண்டும் அதே சோதனையை நடத்த, கட்டைக் கணக்குகளில் 97 சதவீதத்துக்கு மேல் சரிவந்தது; சொல் மாற்றிய வடிவிலும் ஏறக்குறையப் பாதி சரிவந்தது. இது மெய்யான முன்னேற்றமே. ஆனால் அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. தீர்வே இல்லாத கணக்குகளை இடையே வைத்தபோது, பலவற்றுக்கு அம்மாதிரியுரு கூசாமல் ஒரு தீர்வை எழுதிக் கொடுத்தது. திட்டமிடலுக்கென்றே எழுதப்பட்ட பழைய நிரலொன்று கட்டைக் கணக்குகள் அனைத்தையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடிக்கும் குறைந்த சராசரி நேரத்தில், ஏறக்குறையச் செலவின்றித் தீர்த்தது. மாதிரியுருவுக்கோ நூறு கணக்குகளுக்கு நாற்பது டொலருக்கு மேற் செலவாயிற்று. விடையின் சதவீதத்தோடு அதன் விலையையும் அவர்கள் எழுதியிருக்கின்றனர். பயிற்சிக்குச் செலவான மின்சாரத்துக்கும் அவ்வாறு கணக்குக் காட்டும் வழக்கம் இத்துறையில் இன்னும் வேரூன்றவில்லை.